ஜாக்கெட்டுக்குள்ள வெச்ச மல்லிப்பூ

என் மொத கொழந்தைக்குப் பாலு குடுத்த கதையைச் சொல்லணும்னா, மொதல்ல என் வாயைப் பத்திச் சொல்லியாவணும். ரெண்டுக்கும் சம்மந்தம் கீது.

எங்க ஊரு பழவேற்காட்டு ஏரிக்கு அந்தாண்ட, தோணியில தான் போவணும். ஊத்துல தண்ணி மொள்ளப் போனா பொம்பளைங்க பத்து பேரு ஒண்ணா நிப்போம். மணல்ல கைய வுட்டு நோண்டி, தண்ணி ஊறற வரைக்கும் குந்திக்கினு இருக்கணும். சொம்மா குந்தியிருந்தா எனக்கு வாயி அரிக்கும். யாராவது ஒருத்தரு மாதிரி பேசிக் காட்டுவேன், நடந்து காட்டுவேன். தோணிக்காரரு இருமறது, வாத்தியாரு மூக்கு உறியறது, எல்லாம் வரும் எனக்கு.

அன்னிக்கு பக்கத்தூட்டு அக்கா மாதிரி நடந்து காட்டுனேன். அந்தக்கா நடைன்னா ஊருக்கே தெரியும். குதிகாலை மண்ணுல அழுத்தி வெச்சு, ஒரு கையை இடுப்போட ஒட்டிக்கினு, இன்னொரு கையை மட்டும் தோணிக்குத் துடுப்பு போடற மாதிரி வீசி வீசி நடப்பாங்க. நான் அதை இன்னும் கொஞ்சம் மசாலா போட்டு நடந்தேன். எல்லாரும் வுழுந்து வுழுந்து சிரிச்சாங்க. அப்பறம் திடீர்னு ஒருத்தியும் சிரிக்கல. திரும்பிப் பாத்தா அக்கா கொடத்தோட நின்னுக்கினு இருக்காங்க.

ஒரு வார்த்தை திட்டல. தண்ணி மொண்டாங்க, கொடத்தை இடுப்புல வெச்சுக்கினாங்க, அதே நடையில போய்ட்டாங்க. திட்டியிருந்தா நானும் ரெண்டு குடுத்து அன்னிக்கே முடிச்சிருப்பேன். திட்டாததால ரெண்டு வருஷம் பேச்சு இல்ல. ரெண்டு ஊட்டுக்கும் நடுவுல ஒரு தட்டி தான் மறைப்பு. அவங்க ஊட்டுல மொளகா கிள்ளிப் போட்டா எனக்கு இருமலு வரும். ஆனா பேச்சு இல்ல.

பேச்சு தான் இல்ல, பாக்கறது நிக்கல. எனக்கு அதான் தொழிலு. அந்த சமயத்துல ஒரு நாளு அவங்க கைய தூக்க முடியாம, மொகம் சிவந்து போயி வாசல்ல குந்தியிருந்ததைப் பாத்தேன். மாரு ரெண்டும் கல்லு மாதிரி வீங்கிக் கெடந்துச்சு. அவங்க மாமியாரு மல்லிப்பூ சரத்தைக் கொண்டாந்து ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக் கட்டுனாங்க. மூணாம் நாளு அக்கா ஜம்முனு கையை வீசிக்கினு தண்ணிக்குப் போனாங்க. ஓகோ, மாரு வீங்குனா மல்லிப்பூன்னு மனசுல முடிஞ்சு வெச்சுக்கினேன். ஏன் வீங்குச்சு, எதுக்குக் கட்டுனாங்கன்னு கேட்டிருக்கலாம். பேச்சு இல்லியே, எங்க கேக்கறது?

அப்பால எனக்குக் கல்யாணம் ஆச்சு. எங்க ஊட்டுக்காரரும் கடக்கரை ஆளு தான். ஆனா வலையை அண்ணன் கையில குடுத்துட்டு, கும்மிடிப்பூண்டி பக்கம் புதுசா வந்த ஒரு இரும்பு கம்பெனியில சேந்துட்டாரு. காக்கி சட்டை, சைக்கிளு, ஞாயித்துக்கெழம லீவு. எழுவதுங்கள்ல அது பெரிய விஷயம். மொத பிரசவத்துக்கு நான் அம்மா ஊட்டுக்கு வந்தேன். ஒரு புதங்கெழம காலையில பொண்ணு பொறந்துச்சு.

மொத மூணு நாளு எங்க அம்மா என் கிட்ட கொழந்தையை வுடல. மஞ்சளா கெட்டியா ஒரு பாலு வரும் பாருங்க, அந்த சீம்பால் கொழந்தைக்கு ஆவாதுன்னு பீச்சி ஊட்டுக்குப் பின்னாடி ஊத்திட்டாங்க. கொழந்தைக்கு சக்கரைத் தண்ணி. சுத்தமான வேட்டித் துணியைத் திரி மாதிரி முறுக்கி, அதுல நனைச்சு வாயில வெச்சா அது சப்பிக்கினு கெடக்கும். எனக்கு பத்தியம். பச்சத் தண்ணி கண்ணுல காட்ட மாட்டாங்க. தண்ணி குடிச்சா வயிறு போட்டுக்கும், கொழந்தைக்குச் சளி புடிக்கும்னு சுக்கு போட்டுக் காச்சுன தண்ணி, ஒரு நாளைக்கு அரை டம்ளரு. ஊரைச் சுத்தி கண்ணு எட்டற தூரம் ஏரி. நடுவுல நாக்கு ஒட்டிக்கினு நான்.

நாலாம் நாளு நிஜப் பாலு வந்துச்சு. வந்துச்சுன்னா, சொல்லாம கொள்ளாம கல்யாணத்துக்கு லாரியில வந்து எறங்கற சொந்தக்காரங்க மாதிரி வந்துச்சு. மாரு ரெண்டும் கல்லு. கையைத் தூக்கித் தலை வார முடியல. தொட்டா உயிரு போவுது. அம்மா அன்னிக்குத் தான் கொழந்தையை மடியில வெச்சாங்க. அது பாவம், மூணு நாளா துணித்திரியை சப்பிப் பழகுன வாயி. இங்க வந்து பாத்தா இம்மாம் பெரிய கெட்டிச் சொவுரு. புடிக்க எடமே இல்ல. முட்டுது, நழுவுது, கத்துது. நானும் கத்தறேன். அம்மா சுடுதண்ணியில துணியை முக்கி ஒத்தடம் குடுத்துக்கினே, "வுடாம குடு, வுடாம குடு"ன்னாங்க. அவங்க சொன்னது சரி தான். ஆனா வலிக்கறது அவங்களுக்கில்லியே.

மறுநாளு ஞாயித்துக்கெழம. எங்க ஊட்டுக்காரரு கும்மிடிப்பூண்டியிலருந்து பொன்னேரி வந்து, பஸ்ஸு மாறி, தோணியேறி வந்து சேந்தாரு. கையில ஒரு எலைப் பொட்டலம். பொன்னேரி பஸ் ஸ்டாண்டுல வாங்குன மல்லிப்பூ, நாலு மொழம். பொண்டாட்டி புள்ள பெத்துட்டா, பூ வாங்கிக்கினு போவணும்னு அவருக்குத் தோணியிருக்கு. நல்ல மனுஷன்.

"இன்னாப்பா இது?"ன்னாங்க எங்க அம்மா.

"பூ, அத்தே."

"பூன்னு தெரியுது. தீட்டு ஊட்டுல பூ வெச்சுக்குவாங்களா? பதினாறு நாளு கழியட்டும். எடுத்துக்கினு போயி ஒங்க அம்மா தலையில வெய்யி."

அவரு மொகம் சுருங்கிப் போச்சு. அம்மா கஞ்சி எடுக்க உள்ள போன நேரமாப் பாத்து, பொட்டலத்தை என் தலைமாட்டுல சொருவிட்டு, "வெச்சுக்காட்டி போவுது, மோந்தாவது பாரு"ன்னு சொல்லிட்டு, கொழந்தை கால் வெரலை மட்டும் தொட்டுப் பாத்துட்டு, தோணிக்குக் கெளம்பிட்டாரு.

எனக்கு உடனே மூளை வேலை செஞ்சிச்சு. எப்பவும் வேலை செய்யக் கூடாத நேரத்துல தான் செய்யும். பக்கத்தூட்டு அக்கா, மல்லிப்பூ, மூணாம் நாளு வீசுன கை, எல்லாம் ஞாபகம் வந்துச்சு. தட்டிப் பக்கம் திரும்பிக் குந்தி, பூவை ரெண்டா பிரிச்சு, ஜாக்கெட்டுக்குள்ள வெச்சு, துணியால இறுக்கிக் கட்டுனேன். ஜில்லுன்னு இருந்துச்சு. அடடா, இத்தினி படிக்காத மூளைக்கு இத்தினி வைத்தியமான்னு என்னை நானே மெச்சிக்கினேன்.

திங்கக்கெழம சாயங்காலம் கல்லு கொழகொழத்துச்சு. செவ்வாக்கெழம சுத்தமா வலி இல்ல. அம்மா தலைக்குத் தண்ணி ஊத்துறப்ப பூவை பாய்க்கு அடியில ஒளிச்சு வெச்சு, அப்பறமா மறுபடி கட்டிக்கினேன். கையைத் தூக்கறேன், எறக்கறேன், அம்மாவுக்குத் தோணிக்காரரு இருமலு போட்டுக் காட்டறேன். கொழந்தைக்கும் அன்னிக்குத் தான் வித்தை கைகூடுச்சு. வாயை நல்லா அகலமா தொறந்து, கப்புனு புடிச்சு, இழு இழுன்னு இழுத்துச்சு. இழுத்துப் பாத்துட்டு என் மூஞ்சியைப் பாத்துச்சு. அப்பால கத்துச்சு பாருங்க. அது வாடிக்கைக்கு வந்து நின்ன அன்னிக்கு நான் கடையைச் சாத்திட்டேன்.

பாலு இல்ல. அமுக்கிப் பாத்தா ஒரு சொட்டு, அதுவும் வருமா வராதான்னு யோசிச்சுட்டு.

அப்பவும் எனக்குப் புரியல. அம்மா கண்ணு பட்டுச்சுன்னாங்க. உப்பு, மொளகா சுத்திப் போட்டாங்க. "பெரியபாளையத்தம்மா, பாலு சொரந்தா எம் பொண்ணு வேப்பஞ்சேலை கட்டிக்கினு ஒன்னைச் சுத்தி வருவா"ன்னு, என்னை ஒரு வார்த்தை கேக்காம எனக்கு வேண்டிக்கினாங்க. நைனா ஏரிமொகத்தாண்ட கடலுக்குப் போன ஆளுங்க கிட்ட சொல்லி, பால் சொறா வாங்கியாந்தாரு. பாலு சொரக்கணும்னா எங்க பக்கம் சொறா புட்டு தான் மருந்து. அவிச்சு, தோலை உரிச்சு, உதுத்து, பூண்டும் மொளகும் போட்டு வதக்கி, காலையில நாஷ்டாவுக்கு ஒரு கிண்ணம், மத்தியானம் ஒரு கிண்ணம். விஷயம் கேள்விப்பட்டு ஊருல ஊட்டுக்கு ஊடு சொறா குடுத்தனுப்புனாங்க. தின்ன தீனிக்கு எனக்குக் கழுத்துல செவுள் மொளைச்சிருக்கணும். பாலு மட்டும் வரல.

வியாழக்கெழம காலையில அம்மா துணிக்கொடியைப் பாத்துக்கினே நின்னாங்க. கொழந்தைத் துணி ரெண்டே ரெண்டு காஞ்சுக்கினு இருந்துச்சு. "நனைக்கவே மாட்டேங்குதேடி"ன்னாங்க. கொழந்தை அழுவை கூட சின்னதாயிடுச்சு. பூனைக்குட்டி தூரத்துல கத்தற மாதிரி. கண்ணு ரெண்டும் உள்ள போயி, ஒதடு காஞ்சு கெடந்துச்சு. அது வரைக்கும் வெளையாட்டா இருந்த எனக்கு அன்னிக்குத் தான் ஒறைச்சுது. இது இப்டியே போனா நாலு நாளு தாங்காது.

அம்மா முந்தானையை ஒதறிச் சொருவிக்கினாங்க. "பக்கத்தூட்டுல அவளுக்கு ஏழு மாசக் கொழந்தை. நல்ல பாலு. நான் போயி கேக்கறேன்."

"அவங்களையா? வேற யாருமே இல்லியா ஊருல?"

"ஒன் ரோஷத்துல பாலு வருதா, பீச்சிப் பாரு"ன்னுட்டு அம்மா போய்ட்டாங்க.

ரெண்டு நிமிஷத்துல அக்கா வந்தாங்க. அதே நடை, அதே கை வீச்சு. என்னைப் பாக்கக் கூட இல்ல. கீழ குந்தி, கொழந்தையைத் தூக்கி, ஜாக்கெட் ஊக்கைக் கழட்டுனாங்க. கொழந்தை புடிச்சுச்சு. மொடக்கு, மொடக்குன்னு முழுங்கற சத்தம் வந்துச்சு. அது வரைக்கும் நான் அந்த சத்தத்தைக் கேட்டதே இல்ல. என் கொழந்தை வயித்துக்குப் பாலு போவற சத்தம் இப்டித் தான் இருக்கும்னு, வேற ஒருத்தங்க மடியிலருந்து தான் தெரிஞ்சுக்கினேன். நான் செவுத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கினேன். அம்மா வெளிய போயி மூக்கை சிந்துனாங்க.

குடிச்சு முடிச்சதும் கொழந்தையை என் பக்கத்துல போடக் குனிஞ்சாங்க. குனிஞ்சவங்க அப்டியே நின்னுட்டாங்க.

"ஏண்டி, இன்னா வாசனை இது?"

ரெண்டு வருஷம் கழிச்சு பேசுன மொத வார்த்தை.

"சொறா புட்டு"ன்னேன்.

"சொறாவுல மல்லி வாசனை எங்கருந்துடி வருது?"ன்னு என் ஜாக்கெட்டுக்குள்ள கையை வுட்டாங்க. வெளிய இஸ்துப் பாத்தா, காஞ்சு பழுப்பா, புளிச்ச நாத்தத்தோட பூ. கையில வெச்சுக்கினு என்னைப் பாக்கறாங்க.

"எவடி ஒனக்கு இதைக் கட்டச் சொன்னது?"

"நீங்க தான்."

"நானா? நான் ஒன் கிட்ட பேசியே ரெண்டு வருஷம் ஆவுதே!"

"நீங்க கட்டிக்கினதைப் பாத்தேன். கட்டுனதும் வலி போச்சே ஒங்களுக்கு."

"அடிப்பாவி! வலியா போச்சு? பாலுடி போச்சு! ரெண்டாவது கொழந்தைக்குப் பாலு மறக்கடிக்கறதுக்குக் கட்டுனேன்டி அதை. பாலு வத்தறதுக்குத் தான் மல்லி கட்டுவாங்க. பச்சப்புள்ளைக்காரி எவளாவது கட்டுவாளா?"

கண்ணும் இல்ல, திருஷ்டியும் இல்ல. நான் தான். "தெரியாது"ன்னேன். "கேக்கலாம்னா அப்ப நம்ப பேசிக்கறதில்லியே."

அக்கா ஒரு நிமிஷம் என்னை மொறைச்சாங்க. அப்பால சிரிச்சாங்க. அவங்க சிரிச்சா கூரையில காக்கா பறக்கும். வெளிய இருந்து அம்மா, "இன்னாம்மா சிரிப்பு?"ன்னு கேட்டாங்க.

"ஒண்ணுமில்ல சின்னம்மா, ஒம் பொண்ணு ஜோக்கு சொல்றா"ன்னுட்டு, பூவைத் தன் முந்தானையில முடிஞ்சுக்கினாங்க. போறப்ப ஏரியில வீசிட்டுப் போயிருப்பாங்க போல. எங்க அம்மா கிட்ட அன்னிக்கும் சொல்லல, அப்பறமும் சொல்லல.

அதுலருந்து அவங்க வெச்சது தான் சட்டம். ஒரு நாளைக்கு அஞ்சு தடவை வருவாங்க. வந்ததும் மொதல்ல என் மாருல வெக்கணும், ரெண்டு பக்கமும்.

"காலியா கீதே"ன்னேன்.

"கீட்டும். நம்ப ஊத்து எப்டி? மேல பாத்தா காஞ்ச மண்ணு. கைய வுட்டு நோண்டிக்கினே இருந்தா தானே ஈரம் வருது? நீ நோண்ட வேணாம், அது நோண்டும். சொம்மா குடு."

கொழந்தை காலி மாரை இழுத்துப் பாத்து, கோவத்துல ஒடம்பை முறுக்கி, மூஞ்சியெல்லாம் செவக்கக் கத்தும். காம்பு வெடிச்சுப் போயி, ஒவ்வொரு இழுப்புக்கும் எனக்குக் கால் கட்டைவெரலு மடங்கும். அவங்க பக்கத்துல குந்திக்கினு, "வுடாத, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்"ம்பாங்க. அது தாங்க முடியாம போனப்பறம் தான் வாங்கித் தன் மடியில வெச்சுக்குவாங்க.

அது மட்டுமில்ல. முந்தானைக்குள்ள ஒரு சொம்பு வரும். பச்சத் தண்ணி. அம்மா அடுப்பாண்ட இருக்கறப்ப, "சீக்கிரம் குடி"ன்னு நீட்டுவாங்க. நான் அண்ணாந்து ஒரே மூச்சுல குடிப்பேன். கள்ளச் சாராயம் குடிக்கறவன் கூட அத்தினி பயந்து குடிச்சிருக்க மாட்டான். பத்து நாளு கழிச்சு குடிக்கற பச்சத் தண்ணி இருக்கே, அதுக்கு ஒரு ருசி கீது.

இதுக்கெல்லாம் கூலியும் வாங்கிட்டாங்க. வாசல்ல கால் வெச்சதும், "இன்னிக்கு எப்டி நடந்து வந்தேன்? சரியா வந்தனா? கையி போதுமா, இன்னும் கொஞ்சம் வீசணுமா?"ம்பாங்க. நான் படுத்துக்கினே, "போதும்"னு சொல்லணும். கொழந்தை மொடக்கு மொடக்குன்னு குடிக்கறப்ப அதும் முதுவைத் தட்டி, "எம்பால குடிக்கறவ எம்மாதிரி தான் நடப்பா. பாத்துக்கினே இரு, ஒன் எதிர்லயே வீசிக்கினு போவா"ம்பாங்க. எனக்கு எதிர் பேச்சு வாயில வந்து வந்து நிக்கும். கொழந்தை வயிறு ரொம்பட்டும்னு முழுங்கிடுவேன். என் வாழ்க்கையில நான் அத்தினி வார்த்தை முழுங்குனது அந்த ஒரு வாரம் தான்.

அடுத்த ஞாயித்துக்கெழம எங்க ஊட்டுக்காரரு வந்தாரு. இந்த வாட்டி பூ இல்ல, பால் பவுடரு டப்பா. கூட வேலை செய்யற யாரோ சொன்னாங்களாம். டப்பா மேல ஒரு கொழுகொழு கொழந்தை படம் போட்டு இருந்துச்சு. எங்க கொழந்தையைப் பக்கத்துல வெச்சுப் பாத்தா, அது மொதலாளி, இது கூலியாளு.

"அன்னிக்குக் குடுத்த பூ வாசனையா இருந்துச்சா?"ன்னு மெதுவாக் கேட்டாரு.

"ரொம்ப"ன்னேன். வேற இன்னா சொல்றது?

அம்மாவுக்கு டப்பாவைப் பாத்ததும் ஒரு பக்கம் நிம்மதி. "அந்தப் பொண்ணும் எத்தினி நாளுக்குக் குடுப்பா? அவ கொழந்தை அங்க அழுதுக்கினு கெடக்குது. அதும் வாயிலருந்து புடுங்கி இதும் வாயில வெக்கறது பாவமில்லியா? டப்பாவைத் தொறந்துடலாம்"னாங்க. அவங்க சொன்னதும் நியாயம் தான். தட்டிக்கு அந்தாண்ட அந்தக் கொழந்தை அழுவறது எனக்கும் கேக்கும். ஆனா மேலத் தெருவுல ஒரு கொழந்தைக்கு டப்பா பாலு குடுத்து, வயித்துப்போக்கு நிக்காம தோணியில தூக்கிக்கினு ஓடுனதும் எனக்குத் தெரியும். எங்க தண்ணி அப்டி. அதோட, டப்பாவைத் தொறந்துட்டா கொழந்தை காலி மாரை இனிமே எதுக்கு இழுக்கும்? என் தப்பு அப்டியே நெலைச்சுப் போயிடும்.

அக்கா வந்து டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "புதங்கெழம வரைக்கும் தொறக்காத சின்னம்மா. எங்க கொழந்தை கூழு துன்னுது, பரவால்ல. புதங்கெழம வரலேன்னா நானே தொறந்து தரேன்"னாங்க.

திங்கக்கெழம ஒண்ணும் இல்ல. நான் அமுக்கி அமுக்கிப் பாத்ததுல பவுடரு டப்பா கூட என்னைப் பாத்து சிரிக்கற மாதிரி இருந்துச்சு.

செவ்வாக்கெழம மத்தியானம். எல்லாரும் சாப்ட்டுட்டு, நைனா வலையைப் பின்னிக்கினு இருந்தாரு. அக்கா வந்து, தன் ஊக்கைக் கழட்டி ரெடியா குந்திக்கினாங்க. நான் கொழந்தையை என் மாருல வெச்சேன். அது இழுத்துச்சு, இழுத்துச்சு. கத்தப் போவுதுன்னு காத்துக்கினு இருந்தேன். திடீர்னு மாருக்குள்ள ஊசி குத்துன மாதிரி சுருக்குன்னுச்சு. அடுத்த பக்கத்து ஜாக்கெட்டுல ஏதோ ஈரம். வேர்வைன்னு நெனைச்சேன்.

மொடக்.

ஒரே ஒரு மொடக்கு. நான் அக்காவைப் பாத்தேன். அவங்களும் கேட்டுட்டாங்க.

"ஆடாத"ன்னாங்க. "அப்டியே இரு."

மொடக்கு, மொடக்கு. ரெண்டு பேரும் மூச்சு வுடாம குந்தியிருந்தோம். அது ஒரு பக்கம் குடிச்சு, இன்னொரு பக்கமும் குடிச்சு, கையைத் தளர வுட்டு, வாயோரம் பாலு வழிய தூங்கிப் போச்சு. அக்கா கையை நீட்டி அதும் வயித்தைத் தொட்டுப் பாத்தாங்க. அப்பால தன் ஜாக்கெட் ஊக்கை ஒவ்வொண்ணா மாட்டுனாங்க. மெதுவா மாட்டுனாங்க.

எங்க அம்மா கடைசி வரைக்கும் அது சொறா புட்டாலன்னு தான் சொல்லிக்கினு இருந்தாங்க. பெரியபாளையத்தம்மாவும் தன் பங்கை வுடல. மூணாம் மாசம் வேப்பெலையைச் சேலையா சுத்திக்கினு நான் கோயிலைச் சுத்துனேன். ஒடம்பெல்லாம் அரிப்பு. வேணும் எனக்கு. அந்தப் பவுடரு டப்பாவைத் தொறக்கவே இல்ல, வந்த வழியே கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பிப் போச்சு. எம் பொண்ணு இன்னிக்குப் பெரிய மனுஷி. குதிகாலை அழுத்தி, ஒத்தைக் கையை வீசிக்கினு தான் நடக்கறா. ஏன்னு கேக்கறவங்க கிட்ட எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடறது.

அன்னிக்கு அக்கா எழுந்துக்கப் போனவங்க மறுபடி குந்திட்டாங்க. மாரைப் புடிச்சுக்கினு மொகம் சுளிச்சாங்க. "ரெண்டு பேருக்குச் சொரந்து பழகிடுச்சு. இப்ப ஒண்ணு குடிக்காம தூங்குது. கட்டிக்கினு வலி எடுக்கப் போவுது எனக்கு"ன்னாங்க.

ஒரு வாரமா முழுங்குன வாயி. அதுக்கு மேல என்னால முடியல.

"மல்லிப்பூ வாங்கியாரச் சொல்லட்டுமா, அக்கா?"ன்னேன்.

அக்கான்னு நான் கூப்டது அதான் மொத தடவை. என் தலையில நச்சுனு ஒரு குட்டு வெச்சாங்க. வலிச்சுது. காக்கா பறக்கற மாதிரி சிரிச்சுட்டு, காலி சொம்பை முந்தானைக்குள்ள சொருவிக்கினு எழுந்தாங்க. நாலு அடி வெச்சு, வாசல்ல நின்னு, திரும்பாமலே கேட்டாங்க.

"நடை சரியா கீதாடி?"

"அப்டியே கீது, அக்கா"ன்னேன்.